மிச்சமாகிப்போன மணிநேரங்கள்

திருப்பூரில், அவிநாசி ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு சந்தில், குழந்தைகளுக்கான பனியன் துணிகள் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த பவளக்கொடி நிட்வேர் என்கிற கம்பெனியில், அறுபத்து நான்கு பெண்கள் எட்டு மணி நேரம் நின்று பார்க்கிற வேலையை ஒரு மணி நேரத்தில் பார்த்து முடிக்கிற மெஷின் வந்த அன்று, ஆளுக்கு ஏழு மணி வீதம் மிச்சமான நேரமெல்லாம் மெஷினின் பின்பக்கம் கழிவுத்துணி விழுகிற கூடையில் ஒவ்வொன்றாக வந்து விழுந்தது.

அதை முதலில் பார்த்தவள் துளசிமணி. பத்தொன்பது வருஷமாக அந்தக் கம்பெனியில் செக்கிங் மேசையில் நின்றவள். ஒரு பனியனைக் கையில் எடுத்து இரண்டு தட்டு தட்டி, ஒரு புரட்டு புரட்டினால், ஓட்டை எங்கே, எண்ணெய்க் கறை எங்கே, ஊசி எந்த இடத்தில் தையலை விட்டிருக்கிறது என்று கண்ணுக்கு முன்னால் விரல் சொல்லிவிடும். மெஷின் வருவதற்கு முந்தைய மூன்று மாதம், கேமரா பொருத்திய ஒரு மேசையில் அவளையும் மற்றவர்களையும் முறைவைத்து உட்காரவைத்து, குறை கண்ட இடத்திலெல்லாம் சிவப்புப் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். அவர்களும் அமுக்கினார்கள். லட்சக்கணக்கான தடவை அமுக்கினார்கள். அப்படி அமுக்கியமுக்கித்தான் அந்த மெஷினுக்குக் கண் திறந்தது. கண் திறந்த மறுவாரம் ஐம்பத்தெட்டுப் பேரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, மெஷினைப் பார்த்துக்கொள்ள ஆறு பேரை வைத்துக்கொண்டார்கள். அந்த ஆறில் துளசிமணி ஒருத்தி.

கூடையில் விழுந்தது கழிவுத்துணி இல்லை என்பது தொட்டதுமே தெரிந்தது. மடித்துவைத்த குழந்தைச் சட்டை அளவு, மாலை வெயிலின் நிறம், அயர்ன் மேசையிலிருந்து அப்போதுதான் எடுத்ததுபோல ஒரு வெதுவெதுப்பு. எடை என்று ஒன்றும் இல்லை, ஆனால் கையில் ஏதோ இருப்பது தெரிந்தது. அவள் ஒன்றை மடியில் வைத்து என்னவென்று பிரித்தாள். சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று இருபது. அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள், காலை நீட்டினாள், கணுக்கால் வீக்கத்தை அமுக்கிவிட்டாள், சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள், கனவுகூட ஒன்று கண்டாள். விழித்தபோது மணி பதினொன்று இருபது. மடியில் இருந்தது கரைந்துபோயிருந்தது. நேரம்தான் என்று அவளுக்குப் புரிந்தது. அதில் ஆச்சரியப்பட அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. இத்தனை பேருடைய நேரம் மிச்சமாகிறது என்று சூப்பர்வைசர் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார், மிச்சமானது எங்காவது போய்ச் சேரத்தானே வேண்டும்.

அன்று சாயங்காலம் டிபன் பையில் ஐந்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அவள் கணவன் காளியப்பன் சாயப்பட்டறையில் வேலை பார்த்தான். அவனுக்கு எப்போதும் ராத்திரி ஷிப்ட், அவளுக்குப் பகல். அவள் உள்ளே வரும்போது அவன் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பான். பிரிட்ஜ் கதவில் ஒட்டிய காகிதத் துண்டுகளில்தான் அவர்கள் குடும்பம் நடந்தது. 'சிலிண்டர் சொல்லியாச்சு', 'பாப்பாவுக்குக் காய்ச்சல் இல்லை', 'தயிர் இருக்கு'. அன்று அவன் செருப்பை மாட்டுகிற நேரத்தில் அவள் முதல் மணியைப் பிரித்து வாசல்படியில் விரித்தாள். ஜன்னலில் விழுந்திருந்த வெயில் நகராமல் நின்றது. வெளியே தெருவில் ஒரு பந்து அந்தரத்தில் நின்றது.

"என்னாச்சு? எனக்கு ஷிப்ட்டுக்கு நேரமாச்சு" என்றான் காளியப்பன்.

"ஆகல. உக்காருங்க."

ஐந்து மணி நேரம் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பசிக்கவில்லை, அந்த மணிநேரங்களில் பசி மட்டும் வருவதில்லை. முதல் ஒரு மணி நேரம் என்ன பேசுவதென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அதன்பிறகு பேசி முடியவில்லை. அவளுக்குக் காதோரம் நரைத்திருப்பதை அவன் அன்றுதான் பார்த்தான். பார்த்துவிட்டு, "இது எப்ப?" என்று கேட்டான். "போன தீபாவளிக்கே" என்றாள் அவள். அந்த நரையை அவன் ஒரு விரலால் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டான். பிறகு எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, சரியான நேரத்துக்கு ஷிப்ட்டுக்குப் போனான்.

மறுநாளிலிருந்து மற்ற ஐந்து பேரும் எடுத்துப்போனார்கள். ஒரு வாரத்தில் ஊர் இதற்குப் பழகிவிட்டது. சில வீடுகளில் மத்தியானம் நீளமாக இருக்கும் என்பது தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒருமுறை வரும் என்பதுபோல ஒரு விஷயமாகிவிட்டது. பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை, அந்த ஆறு வீட்டுப் பிள்ளைகள் மட்டும் வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டு வருகிறார்கள் என்று முதலில் சந்தேகப்பட்டு, பிறகு விசாரித்து, பிறகு விட்டுவிட்டார். சலூன்காரர், இவர்களுக்கு முடி சீக்கிரம் வளர்கிறது என்று மகிழ்ந்தார். கோவில் குருக்கள் மட்டும், ராகுகாலம் முடிந்ததா இல்லையா என்பதைப் பொதுக்கடிகாரம் பார்த்துத்தான் சொல்ல முடியும், அவரவர் வீட்டுக் கணக்கெல்லாம் செல்லாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். சோதனைக்கு வந்த ஒரு அதிகாரி கூடையைப் பார்த்து, எந்த இனத்தில் இதைச் சேர்ப்பது என்று அரைமணி நேரம் யோசித்து, கடைசியில் 'துணிக்கழிவு, மஞ்சள்' என்று எழுதிக்கொண்டு போனார்.

துளசிமணிக்கு மனதில் ஒன்று உறுத்தியது. வேலை போன ஐம்பத்தெட்டுப் பேரில் பேச்சியம்மாள் அவள் பக்கத்து மேசைக்காரி. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, கணவன் விட்டுவிட்டுப் போன பிறகு ஒற்றை ஆளாய் மகளை நர்ஸிங் படிக்கவைத்துக்கொண்டிருந்தவள். பன்னிரண்டு வருஷம் இருவரும் ஒரே தூக்குவாளியில் மோர் குடித்தவர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெதுவெதுப்பான மூன்று மணிகளைத் தேர்ந்தெடுத்து, வாழை இலையில் சுற்றி, துளசிமணி அவள் வீட்டுக்குப் போனாள்.

பேச்சியம்மாள் இலையைப் பிரித்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். மறுபடி மடித்தாள்.

"வேல போனவளுக்கு நேரத்தக் கொண்டாந்து குடுக்கியளேக்கா. என்கிட்ட இருக்கதே அது ஒண்ணுதான. காலைல ஏந்திரிச்சா பொழுது போவ மாட்டேங்கு. கம்பெனி கம்பெனியா ஏறி எறங்குதேன், எல்லா வாசல்லயும் மெஷின் வருது, மெஷின் வருதுங்கான். இதயும் நான் விரிச்சா எங்க போயி விழுவேன்?"

துளசிமணி இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"கோவிச்சுக்கிடாதிய" என்றாள் பேச்சியம்மாள். "ஒங்களுக்கு வேல இருக்கு, அதனால நேரம் இனிக்குது. எனக்கு வேல இல்ல, அதனால கசக்குது. ஒரே பண்டம்தான்."

அன்று துளசிமணி அந்த மூன்று மணிகளையும் திரும்பக் கொண்டுவந்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றைப் பிரித்து, நின்றுபோன பஸ்ஸின் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து யோசித்தாள். கையில் நேரம் வைத்துக்கொண்டு யோசிப்பது அவளுக்கு வாழ்க்கையில் அதுதான் முதல்முறை. யோசித்து முடித்தபோது அவளுக்கு என்ன கேட்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது.

மறுநாள் காலை முதலாளி அறைக்குப் போனாள். அவிநாசியப்பன் கெட்டவர் இல்லை. இரண்டு தையல் மெஷினில் தொடங்கி இருநூறுக்குக் கொண்டுவந்தவர், அதனால் உலகத்தில் எல்லாமே வளரும், வளர்ந்தால் தனக்கே சேரும் என்று நம்புகிறவர்.

"போனவங்க எல்லாத்தையும் திரும்பக் கூப்பிடுங்க. ஆளுக்கு நாலு மணி நேர வேலை வெச்சா போதும்ங்க. சம்பளம் பழைய சம்பளம். மிச்ச நேரத்த எல்லாரும் பிரிச்சு எடுத்துக்கறோம்."

அவிநாசியப்பன் சிரித்தார். "ஏம்மா துளசி, மெஷின் யாரோடது?"

"உங்களோடதுங்க."

"அப்பறம் அது மிச்சம் புடிச்சது மட்டும் உங்களோடதா? நல்ல கதையா இருக்குதே. இத்தன நாளு நீங்க எடுத்துட்டுப் போனதையே நான் பெருசுபண்ணாம இருக்கறேன்."

அன்று மத்தியானமே மெஷினுக்குப் பின்னால் கம்பிவலை அடித்தார்கள். நேரத்தை வெளியே எடுத்துச் செல்லக்கூடாது என்று ஒரு போர்டு மாட்டினார்கள். விழுகிற மணிகளை நூறு நூறாகப் பாலித்தீன் உறையில் போட்டு, அட்டைப்பெட்டியில் அடுக்கி, 'அவிநாசியப்பன், உரிமையாளர்' என்று ஒவ்வொரு பெட்டியிலும் ஸ்டிக்கர் ஒட்டி, பின்கட்டுக் குடோனில் வைத்துப் பூட்டினார்கள். குளிர்நாடுகளில் யாருக்கும் நேரமே இல்லையாம், அங்கே இதற்கு நல்ல கிராக்கி இருக்கும் என்று அவர் கணக்குப் போட்டார். முதல் லோடு, தூத்துக்குடித் துறைமுகத்துக்கு மிக்கேல் என்கிற டிரைவரின் லாரியில் ஏறியது.

லாரி காலை பத்து மணிக்குக் கிளம்பியது. பத்தேகாலுக்குத் திரும்பி வந்து கேட்டுக்கு வெளியே நின்றது. மிக்கேல் இறங்கி நேராகப் போய் அவிநாசியப்பன் மேசையில் சாவியை வைத்தான்.

"சார், பதினோரு நாள் ஓட்டியிருக்கேன். தாராபுரம் போகல. ஓட்ட ஓட்ட ரோடு வருது, ஊரு வரல. சூரியன் கெழக்கால ஒரே எடத்துல நிக்கி. டீசல் முள்ளு அசையல. எனக்குத் தெரிஞ்ச மாதா பாட்டெல்லாம் நாலு வாட்டி பாடி முடிச்சிட்டேன், தாடிய ரெண்டு வாட்டி செரச்சிட்டேன். பொறவு பெட்டி மேல இருந்த பேரப் பாத்தேன், வண்டியத் திருப்பிட்டேன். இது ஒங்க நேரம் சார். நான் ஏன் சார் ஒங்க நேரத்துல சாவணும்?"

பெட்டிகள் குடோனுக்குத் திரும்பின. அவிநாசியப்பன் விட்டுவிடவில்லை, விலை ஏறும்வரை கிடக்கட்டும் என்றார். பெட்டிகள் கூரையைத் தொட்டன. ஆனால் மணிநேரம் பூட்டுக்குக் கட்டுப்படுகிற பொருள் இல்லை. அது யாருக்குச் சொந்தமோ அவரால் வாழப்பட்டே தீர வேண்டும். ஒரு வியாழக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுவிட்டு அவர் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியதும், ஸ்டிக்கரில் இருந்த பெயரைத் தேடிக்கொண்டு அத்தனையும் அவரிடம் வரத் தொடங்கின.

மணி இரண்டு. ஜன்னலுக்கு வெளியே ஒரு காகம் சிறகை விரித்தபடி அந்தரத்தில் நின்றது. கதவைத் திறந்து பார்த்தார். ஆபீஸில் எல்லாரும் அப்படியே நின்றார்கள், டீ ஊற்றுகிறவரின் கையிலிருந்து டீ கண்ணாடிக் கம்பிபோல இறங்கி நின்றது. கூப்பிட்டுப் பார்த்தார். தோளைத் தொட்டுப் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார். முதலில் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. நாளிதழை விளம்பரம் விடாமல் படித்தார். தள்ளிப்போட்டிருந்த கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுதினார். தூங்கினார், விழித்தார், காகத்தைப் பார்த்தார். மறுபடி தூங்கினார். பேசுவதற்கு ஆள் இல்லாமல் மெஷின் இருந்த கூடத்துக்குப் போய், அதன் முன்னால் நின்று பேசினார். அதுவும் நின்றுபோயிருந்தது. காலியாகக் கிடந்த அறுபத்து நான்கு செக்கிங் மேசைகளின் நடுவே மெதுவாக நடந்தார். ஒவ்வொரு மேசையிலும் விளிம்பில், வயிறு பட்டுப் பட்டுப் பெயின்ட் போயிருந்த இடத்தை அப்போதுதான் கவனித்தார். எந்த மேசை யாருடையது என்று நினைவுபடுத்திப் பார்த்தார். துளசியின் பெயரைத் தவிர ஒரு பெயரும் அவருக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவர் எத்தனை நாள் அழுதார் என்பதைப் பிற்பாடு யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு பத்துக்கு அவர் அறையிலிருந்து வெளியே வந்தபோது நெஞ்சுவரை தாடி இருந்தது. டீ ஊற்றுகிறவர் ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "சக்கரை போடட்டுங்களா?" என்று கேட்டார். ஒரு மனிதக் குரலைக் கேட்டதும் அவிநாசியப்பன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"துளசியக் கூப்புடு. போனவங்க எல்லாத்துக்கும் ஆள் அனுப்பு. குடோன்ல இன்னும் முக்கால்வாசி இருக்குது. அது வர்றதுக்குள்ள."

ஐம்பத்தெட்டுப் பேரும் வந்து கேட்டுக்கு வெளியே நின்றார்கள். உள்ளே துளசிமணியும் பேச்சியம்மாளும் போனார்கள். தாடியைப் பார்த்துப் பேச்சியம்மாளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணைப் பார்த்ததும் நின்றுபோயிற்று.

"எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிருங்கம்மா" என்றார் அவிநாசியப்பன். "எனக்கு வேண்டாம். இப்பவே ஸ்டிக்கரக் கிழிச்சுடச் சொல்றேன்."

"எங்களுக்கும் வேண்டாங்கய்யா" என்றாள் பேச்சியம்மாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க தள்ளிவிட்டா வாங்கிக்கிட நாங்க என்ன குப்பத்தொட்டியா? வேலையில்லாத நேரம் என்னன்னு ஒங்களுக்கு இன்னைக்கு மத்தியானம் பத்து நிமிஷத்துல தெரிஞ்சிருக்கு. எங்களுக்கு நாலு மாசமா தெரியும். வேலையோட குடுங்க, வாங்கிக்கிடுதோம்."

துளசிமணி பேசினாள். குரல் உயரவில்லை. "அந்த மெஷின் பாக்கறது எங்க கண்ணுங்க. நாங்க பொத்தான அமுக்கி அமுக்கிக் குடுத்த கண்ணு. இரும்பு உங்களோடது, ஒத்துக்கறோம். துணி முன்னயவிட ரெண்டு பங்கு போகுது, வெளிநாட்டுல வாங்கற பையரு திருப்பி அனுப்பறது நின்னுபோச்சு. அதெல்லாம் நீங்களே வெச்சுக்கங்க. நேரத்தப் பிரிச்சுக்கலாம். அறுபத்து நாலு பேரு, உங்களோட சேத்தி அறுபத்தஞ்சு பங்கு. ஒரு மனுசன் வாழற அளவுக்கு உங்களுக்கும் ஒரு பங்கு."

"நாலு மணி நேரத்துல அறுபத்து நாலு பேருக்கு நான் என்னம்மா வேலை குடுப்பேன்? மெஷின்தான் பாக்குதே."

"மாசத்துக்கு எத்தன புதுத் துணி வருதுங்க? போன வாரம் வந்த வலைத்துணிய அது மொத்தத்தையும் ஓட்டைன்னு தள்ளிப்போட்டுது. நாந்தான் உக்காந்து சொல்லிக்குடுத்தேன். நான் ஒருத்தி எத்தனைக்குச் சொல்லுவேன்? பக்கத்துக் கம்பெனிக்காரங்க இதே மெஷின வாங்கிட்டுத் திணர்றாங்க. அவங்களுக்கும் நாங்க பழக்கிக் குடுக்கலாம்ங்க. உங்க பேருலயே."

அவிநாசியப்பன் யோசித்தார். வியாபாரி அல்லவா, அழுத கண்ணுக்குள்ளேயே கணக்கு ஒன்று மெல்ல விழித்தது. அது விழித்ததைத் துளசிமணியும் பார்த்தாள், அவளுக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

"அஞ்சு மணி நேரமா வெச்சுக்கலாமே?" என்றார்.

"நாலுங்க."

குடோன் பக்கமிருந்து அட்டைப்பெட்டிகள் உரசுகிற சத்தம் கேட்டது. ஜன்னலுக்கு வெளியே மறுபடி அந்தக் காகம் சிறகை விரித்தது.

"நாலே" என்றார் அவிநாசியப்பன் அவசரமாக.

அன்று சாயங்காலம் குடோனைத் திறந்து பெட்டிகளை வெளியே எடுத்தார்கள். பழைய ஸ்டிக்கர்களைக் கிழித்துவிட்டு, அறுபத்து ஐந்து பெயர்களையும் எழுதினார்கள். பெயர் எழுத எழுத அவிநாசியப்பன் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அதன்பிறகு அந்தச் சந்தில் நாட்கள் வேறு மாதிரி போயின. காலை எட்டுக்கு உள்ளே போகிறவர்கள் பன்னிரண்டுக்கு வெளியே வந்தார்கள், அவர்கள் வருவதைப் பார்த்து இளநீர்க்காரர் தன் வண்டியைக் கேட்டுக்கு நகர்த்திக்கொண்டார். மத்தியான வேளையில் பெண்களை வெளியே பார்த்தே இராத ஊர், அவர்கள் கால் வீசி நடப்பதை, டாக்டரிடம் அவசரமில்லாமல் வியாதியைச் சொல்வதை, நகராட்சிப் பூங்காவில் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தது. முதலில் உற்றுப் பார்த்தது, பிறகு பார்ப்பதை நிறுத்திக்கொண்டது. சிலர் மணிகளைச் சேர்த்துவைத்து, பிள்ளைகளின் பரீட்சைக்கு முந்தைய நாள் விரித்தார்கள். ஒருத்தி பதினாறு மணிகளைச் சேர்த்து, இழுத்துக்கொண்டு கிடந்த தன் தம்பியின் கட்டிலடியில் விரித்து, அவனுடன் பேச வேண்டியதையெல்லாம் பேசி முடித்தாள். காளியப்பன் பகல் ஷிப்ட்டுக்கு மாறிக்கொண்டான். மத்தியானம் உணவு இடைவேளையில் வீட்டுக்கு வந்து சாப்பிட்டான்.

பேச்சியம்மாள் முதல் மாதம் தன் பங்கு முழுவதையும் தூங்கியே தீர்த்தாள். இரண்டாவது மாதம், மெஷினுக்குப் புதுத் துணி பழக்குகிற வேலையைப் பிடித்துக்கொண்டாள். துணியை அதன் கண்ணுக்கு முன் பிடித்து, "இது கறை இல்ல, சாயம். நல்லாப் பாரு. இது டிசைனுக்கு விட்ட ஓட்டை, இது ஊசி விட்ட ஓட்டை" என்று சங்கரன்கோவில் தமிழில் சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டே பொத்தானை அமுக்குவாள். அவள் பழக்கிய மெஷின் தவறு செய்வதில்லை என்று பல்லடம்வரை பேச்சு பரவியது. மகள் நர்ஸிங் முடித்த அன்று அவளுக்கு இரண்டு நாள் லீவு வேண்டியிருந்தது. லீவு கேட்கவில்லை, இரண்டு நாள் அளவுக்கு மணிகளை விரித்துவிட்டு, வேலைக்கும் வந்துவிட்டாள்.

ஆறு மாதத்துக்குள் மற்றக் கம்பெனிகளின் மெஷின்களுக்குப் பின்னாலும் வெயில் நிறத்தில் மணிகள் விழத் தொடங்கின. அங்கங்கே கம்பிவலை அடித்தார்கள், போர்டு மாட்டினார்கள், பூட்டினார்கள். அங்கங்கே முதலாளிகளுக்குத் தாடி வளர்ந்தது. எந்தக் கம்பெனி வாசலிலாவது பெண்கள் கூட்டமாக நின்றால், யாராவது ஒருத்தி துளசிமணிக்கு போன் செய்துவிடுவாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், மங்கலம் ரோட்டில் முந்நூறு பேரை வெளியே அனுப்பிய ஒரு பெரிய கம்பெனியின் வரவேற்பறையில், துளசிமணியும் பேச்சியம்மாளும் அந்தக் கம்பெனிப் பெண்கள் நான்கு பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அரைமணி நேரம் காக்கவைத்துவிட்டு வெளியே வந்த மேனேஜர், உட்காராமலே, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"முதலாளி இன்னைக்கு ரொம்ப பிஸி. எதுவா இருந்தாலும் அஞ்சு நிமிஷத்துல சொல்லிட்டுக் கிளம்புங்க."

துளசிமணி தன் பையை மடியில் எடுத்துவைத்துக்கொண்டு, பக்கத்து நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டாள்.

"உக்காருங்க சார். நிதானமாவே பேசலாம்ங்க" என்றாள். "எங்ககிட்ட நேரம் இருக்குது."